ஒரு குடம் தண்ணீரும் ஒரு மேயரும்

"அரசியலா? சமையல் குறிப்பும் கைவைத்தியமும் படிக்கிற இடத்திலே அரசியல் எதுக்கு?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். கவுன்சிலர், மேயர் என்று யாராவது பேச்செடுத்தால், "அடுப்பிலே பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து போய்விடுவேன். என்னுடைய அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு குடம் தண்ணீர். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் ஊரில் குடிதண்ணீருக்கென்று ஓர் ஊருணி உண்டு. குளிக்க, துவைக்க, மாடு கழுவ எல்லாம் கண்மாய். ஊருணியில் மட்டும் கால் நனைக்கக் கூடாது. சின்ன வயதில் ஒரு நாள் விளையாட்டாக ஊருணியில் இறங்கிவிட்டேன். அப்பத்தா ஓடி வந்து முதுகில் ஒன்று வைத்தாள் பாருங்கள், இன்றைக்கும் நினைத்தால் சுள்ளென்கிறது.

"ஊரே குடிக்கிற தண்ணிடீ! உன் ஒருத்தி காலுக்காக அத்தனை பேரும் அழுக்கைக் குடிக்கணுமா?"

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். "நம்ம திருமயத்து வக்கீலு பட்டணத்துக்கே தண்ணி கொண்டாந்தாரு" என்பாள். யார் அந்த வக்கீல், எந்தப் பட்டணம் என்றெல்லாம் நான் கேட்டதில்லை. கிழவி ஏதோ கதை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

2001-ல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். மூன்றாவது வருஷமே பெரிய பஞ்சம். 2003, 2004 ஆகிய அந்த இரண்டு வருஷத்தையும் சென்னைப் பெண்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கலர் கலராகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருப்போம். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், வயிற்றில் என் மூத்தவன். "பிள்ளைத்தாச்சிக்கு வழி விடுங்க" என்று யாராவது சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தத் தண்ணீருக்கு மட்டும் பஞ்சமே இல்லை!

மறுபடி 2019. அந்த ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டே போய்விட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பணம் கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கிக் கீழ்த்தொட்டியில் நிரப்பிக்கொண்டோம்.

நான் செய்த தப்பு

அந்த வருஷம் ஏப்ரலில், எதிர்வீட்டு அக்கா ஒரு காகிதத்தோடு வந்தார். எங்கள் தெருக்கோடியில் பழைய பொதுக்கிணறு ஒன்று உண்டு. குப்பை கொட்டிக் கொட்டிப் பாதி தூர்ந்து போயிருந்தது. அதைத் தூர் வாரி, மழைத்தண்ணீரை அதில் இறக்க வேண்டும் என்று மனு. தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கையெழுத்துப் போடும்மா."

"ஐயோ அக்கா, நமக்கு எதுக்கு இந்த அரசியலெல்லாம்? அவர் வந்தா கேட்டுச் சொல்றேனே" என்று நழுவிவிட்டேன். அவரிடம் கேட்கவும் இல்லை.

ஆகஸ்டில் என் மகளுக்குக் காய்ச்சல். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். நாலாவது நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பரிசோதனை செய்த டாக்டரம்மா, "கெட்டுப்போன தண்ணீரால் வருகிற மஞ்சள் காமாலை. வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

நான் தலை குனிந்தேன். கேஸ் சிலிண்டர் மாசக் கடைசி வரை வர வேண்டுமே என்று, "வடிகட்டினால் போதும்" என்று இரண்டு மாதமாகக் கொதிக்க வைப்பதை நிறுத்தியிருந்தேன். சிலிண்டரில் மிச்சம் பிடித்தேன், பெண்ணைப் படுக்கையில் போட்டேன். ஆறு வாரம் ஆயிற்று அவள் பள்ளிக்கூடம் போக.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராத்திரிகளில்தான் அப்பத்தா நினைவு வந்தது. "நம்ம திருமயத்து வக்கீலு பட்டணத்துக்கே தண்ணி கொண்டாந்தாரு." யார் அது? என் மகனைக் கேட்டேன். "அம்மா, பூண்டி ஏரிக்கு சத்தியமூர்த்தி சாகர்னு பேரு. தெரியாதா?" என்றான். வெட்கமாக இருந்தது. நான் தினமும் குடித்த தண்ணீருக்கு என் ஊர்க்காரர் பெயர் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அதற்கப்புறம் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன்.

திருமயத்திலிருந்து ரிப்பன் மாளிகைக்கு

சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்ட் 19-ல் திருமயத்தில் பிறந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் இந்தப் பெயர் அதிகம். திருமயத்தில் கோயில் கொண்டிருக்கும் பெருமாளின் திருநாமமே சத்தியமூர்த்திதானே! புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரியிலும் படித்து வக்கீலானார்.

வக்கீல் தொழிலைவிட அவருக்குப் பிடித்தது மேடை. காங்கிரஸில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்த் தமிழிலும் இங்கிலீஷிலும் பேசினார். சென்னை சட்டசபையிலும், பிறகு டெல்லியில் மத்திய சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். 1928-ல் பாரதியார் பாடல்களுக்கு அரசாங்கம் தடை போட்டபோது, சட்டசபையில் எழுந்து அதை எதிர்த்து வாதாடினார். பேச்சு மட்டுமில்லை, நடிப்பும் உண்டு. சுகுண விலாச சபை நாடகங்களில் வேஷம் கட்டியிருக்கிறார்.

காமராஜரைக் கைதூக்கி விட்டவரும் இவர்தான். 1936-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக வந்தபோது, காமராஜரைச் செயலாளராக்கினார். 1940-ல் காமராஜர் தலைவரானார்; குரு அவருக்குக் கீழே செயலாளரானார்! நம் வீடுகளில், நேற்று வந்த மருமகள் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, அவள் சொல்கிற வேலையை முகம் கோணாமல் செய்கிற மாமியார் எத்தனை பேர் இருக்கிறோம், சொல்லுங்கள்?

ஒரே ஒரு வருஷப் பதவி

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுதான். 1933-லிருந்து அதன் தலைவரை மேயர் என்று அழைத்தார்கள். அந்தக் காலத்தில் மேயர் பதவி ஒரே ஒரு வருஷம். கவுன்சிலர்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் போட்டுக்கொண்டு, விழாக்களுக்குப் போய்விட்டு வந்தாலே வருஷம் ஓடிவிடும்.

1939-ல் சத்தியமூர்த்தி மேயரானார். காலம் எப்படிப்பட்டது தெரியுமா? செப்டம்பரில்தான் இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்திருந்தது. அக்டோபர் கடைசியில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. மாகாணமே கவர்னர் கையில். யுத்தச் செலவு தலைக்கு மேல். அந்த நேரத்தில், "என் ஊருக்குக் குடிதண்ணீர் வேண்டும், ஓர் அணை வேண்டும்" என்று கேட்டால் யார் காது கொடுப்பார்கள்?

சென்னையின் தண்ணீர்க் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்கு முறையான குடிநீர் 1872-ல் வந்தது. கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் தடுப்பணை கட்டி, தண்ணீரைச் சோழவரத்துக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினார்கள். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. ஆனால் ஆற்றில் வெள்ளம் வருவதோ ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள்தான். தடுப்பணை தாண்டிய வெள்ளமெல்லாம் எண்ணூர்ப் பக்கம் கடலுக்குப் போய்விடும். தை பிறந்தால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். பால் பொங்கி வழிகிறபோது பாத்திரம் சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

ஆற்றின் மேல்பக்கத்தில், பூண்டியில், பெரிய பாத்திரமாக ஒன்று வைக்க வேண்டும். அதைத்தான் சத்தியமூர்த்தி கையில் எடுத்தார். மேடைக்கு மேடை வெள்ளைக்கார ஆட்சியைக் கிழித்தவர், ஊருக்குத் தண்ணீர் என்று வந்தபோது அந்த ஆட்சியோடு உட்கார்ந்து பேசி, வாதாடி, சம்மதிக்க வைத்தார். 1940 ஆகஸ்ட் 8-ந் தேதி கவர்னர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார்.

அணையை அவர் ஒருவரே கட்டிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. திட்டம் போட்ட பொறியாளர்கள், மண் சுமந்த ஆண்கள், பெண்கள் என்று எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் ஒரு வருஷப் பதவியில் இருப்பவர், "அடுத்தவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும்" என்று தள்ளிப்போடாமல் வேலையைத் தொடங்கி வைத்தாரே, அது பெரிய காரியம்.

அடிக்கல் நாட்டி இரண்டு வருஷத்தில், 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். சத்தியமூர்த்தியைக் கைது செய்து மத்திய இந்தியாவில் அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே முதுகுத் தண்டில் அடிபட்டது. அதிலிருந்து அவர் தேறவே இல்லை. 1943 மார்ச் 28-ந் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது 55.

பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது 1944 ஜூன் 14-ந் தேதி.

அதாவது, அந்த ஏரியில் தேங்கிய தண்ணீரில் ஒரு வாய்கூட அவர் குடிக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய், சொம்பிலிருந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக் கணக்கு

பூண்டியின் கொள்ளளவு இப்போது 3,231 மில்லியன் கன அடி என்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் நமக்குப் புரியாது இல்லையா? நான் குடத்தில் கணக்குப் போட்டேன். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர், அதாவது நம் பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு குடம். அப்படியானால் ஏரி நிரம்பினால் ஏறக்குறைய 646 கோடிக் குடம்! 2004-ல் ஒரு குடத்துக்காக ஒரு மணி நேரம் நின்ற எனக்குத்தான் தெரியும் அந்த எண்ணின் அருமை. 1983-ல் தமிழ்நாடும் ஆந்திரமும் போட்ட ஒப்பந்தப்படி, 1996 முதல் கிருஷ்ணா நதித் தண்ணீர் வந்து சேருகிற இடமும் இந்தப் பூண்டிதான்.

இதையும் சொல்ல வேண்டும்

ஒருவரைப் புகழ ஆரம்பித்தால் குறையே சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். ஆனால் பெண்கள் படிக்கிற கட்டுரையில் ஒன்றை மறைத்தால் அது நியாயமில்லை.

எங்கள் புதுக்கோட்டைக்கு இன்னொரு பெருமையும் உண்டு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் பிறந்தவர், சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். ஆண்கள் மட்டும் படித்த அதே மகாராஜா கல்லூரியில் தனி அனுமதி வாங்கிப் படித்தார். சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று அந்த அம்மாள் போராடியபோது, அதை எதிர்த்துப் பேசியவர்களில் சத்தியமூர்த்தி முக்கியமானவர். கோயிலின் பழைய வழக்கம், கலை அழிந்துவிடும் என்பது அவர் வாதம். ஒரு சின்னப் பெண்ணின் வாழ்க்கை அந்த வழக்கத்தில் என்ன ஆகிறது என்பது அவ்வளவு படித்தவர் கண்ணில் படவில்லை. கடைசியில் ஜெயித்தது முத்துலட்சுமி அம்மாள்தான். 1947-ல் சட்டம் வந்தது. அவரும் சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மேன் என்னும் மூத்த உறுப்பினராக இருந்திருக்கிறார்.

ஒரே ஊர், ஒரே கல்லூரி. ஒருவர் தண்ணீர் தந்தார், ஒருவர் மானம் காத்தார். இரண்டு பேரையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் தப்பைத் தப்பென்றும் சொல்கிறேன்.

சத்தியமூர்த்தி தம் மகள் லட்சுமிக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. அந்த மகள் பின்னாளில் கணவரோடு சேர்ந்து 'வாசகர் வட்டம்' என்ற பதிப்பகம் நடத்தினார். காவேரிக் கரையோரமாகப் பயணம் போய்ச் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' அங்கிருந்துதான் 1971-ல் வெளிவந்தது. அப்பா தண்ணீரைத் தேக்கினார், மகள் தண்ணீரின் கதையை அச்சிட்டார்!

நான் பேசிய முதல் கூட்டம்

மகள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் எதிர்வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, அந்தக் காகிதம் இன்னும் இருக்கா?"

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். எல்லாக் கையெழுத்துக்கும் கீழே என் பெயரை எழுதினேன். கல்யாணப் பதிவுக்கும் பாங்குக்கும் தவிர வேறெதற்கும் நான் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு கொரோனா வந்து எல்லாம் கிடப்பில் போயிற்று. 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல். நகரத்தின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. அந்த மார்ச்சில் பிரியா மேயரானார். 1956–57-ல் தாரா செரியன், 1971–72-ல் காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு, அந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது பெண் அவர்தான். பட்டியலினத்திலிருந்து வந்த முதல் பெண் மேயரும் அவரே.

அதே வருஷம் எங்கள் பகுதி சபைக் கூட்டத்துக்கு எதிர்வீட்டு அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனார். "நீதான் பேசணும். உன் பொண்ணு பட்டதைச் சொல்லு" என்று பிடித்துத் தள்ளிவிட்டார். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது. என்ன பேசினேன் என்று இன்றைக்கும் சரியாக நினைவில்லை. "எங்க ஊர் ஊருணியிலே கால் வைச்சா எங்க அப்பத்தா அடிப்பா. இங்கே கிணத்திலே குப்பை கொட்டினா அடிக்க ஆளில்லையா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள்.

உடனே நடந்துவிடவில்லை. நாலு தடவை போய் நின்றோம். வீட்டுக்காரர் முதலில், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார். மூன்றாவது தடவை அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார். மறு வருஷம் மழைக்கு முன்னால் கிணறு தூர் வாரப்பட்டது. தெருவில் ஓடுகிற மழைத்தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியாக இப்போது அதற்குள் இறங்குகிறது. பூண்டி எங்கே, எங்கள் தெருக்கிணறு எங்கே! ஆனாலும் அந்த மழைக்காலத்தில் கிணற்றை எட்டிப் பார்த்து, ஏறியிருந்த தண்ணீரில் என் முகத்தைக் கண்டபோது வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

* தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்த பிறகும் குறைந்தது ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு இறக்குங்கள். வடிகட்டுவது மட்டும் போதாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

* ஆற வைத்த தண்ணீரை மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல், நீளக் காம்புள்ள கரண்டியால் எடுங்கள்.

* கீழ்த்தொட்டி, மேல்தொட்டி இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கழுவுங்கள்.

* கண் மஞ்சளாகத் தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

* உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் குடிநீரை மாநகராட்சியிலிருந்து பிரித்து, 1978-ல் வந்த சட்டத்தின் மூலம் தனி வாரியத்திடம் கொடுத்தார்கள். ஆகவே எந்தக் குறை எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மனு எழுதுங்கள். நகல் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

* யாராவது பொதுக்காரியத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், என்னைப் போல் நழுவாதீர்கள். படித்துப் பாருங்கள். நியாயமாகப் பட்டால் போடுங்கள்.

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஊருணிக்கரைக்கு அவளை அழைத்துப் போனேன். படிக்கட்டில் நின்றவள் செருப்பைக் கழற்றிக் கரையிலேயே விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து, கால் படாமல் கையால் மட்டும் தண்ணீரை அள்ளினாள்.

நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.